ஜிக்ஸோவில் நேர் வெட்டு: மேலே கோடு சரி, அடியில்?

பெரியம்மா வீட்டு சாமித்தட்டின் இடது மூலையில் நான்காக மடித்த பத்திரிகைத் துண்டு ஒன்று இன்றைக்கும் செருகியிருக்கிறது. செருகியது பெரியம்மா, செருக வைத்தது நான். ஜிக்ஸோ (கையால் பிடித்து ஓட்டும் சின்ன மின்வாள்) வாங்கிய முதல் வாரம், அந்தச் சாமித்தட்டுக்காக இலங்கை மலையகத்து ஹட்டன் மரக்காலையில் எடுத்த ஒரு அங்குல டர்பன்டைன் (யூகலிப்டஸ்) பலகையை எங்கள் லயத்துக் காம்பரா வாசலில் இரண்டு வாங்கில் (பெஞ்சில்) போட்டு, பென்சில் கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் வெட்டினேன். கோட்டைப் பாதியாகப் பிளந்த மாதிரி வந்தது, எனக்கே பெருமை. அதைப் பக்கப் பலகையோடு சேர்த்து நிறுத்தினால் மேல் விளிம்பு ஒட்டுகிறது, கீழே ஒரு பத்து ரூபாய்க் காசைச் செருகலாம். பலகையைப் புரட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. மேலே நேராகப் போன வெட்டு அடியில் சாரைப்பாம்பு மாதிரி நெளிந்து, ஓரிடத்தில் 3 மி.மீ. உள்ளே போயிருந்தது.

ஜிக்ஸோவின் குணம் முழுவதும் இதில் இருக்கிறது. மெஷின் பிளேடை மேல் முனையில் மட்டும்தான் பிடித்திருக்கிறது, கீழ் முனை சும்மா தொங்குகிறது. பக்கவாட்டில் கொஞ்சம் பாரம் விழுந்தாலும் மேலே ஒன்றும் தெரியாது, பலகைக்குள்ளே இருக்கிற பகுதி வளைந்துகொண்டு தன் வழியில் போய்விடும். நாமோ மேலே பார்த்துக்கொண்டு, கோட்டை விட்டு அரை மில்லி விலகினால்கூட உடனே கையைத் திருகிச் சரிசெய்கிறோம். அந்தத் திருகல்தான் அடியில் நெளிவாக விழுகிறது.

இந்த மெஷின் பிறந்ததே தையல் மெஷினில்தான். சுவிட்சர்லாந்தில் சிந்தில்லா என்ற கம்பனியில் வேலை செய்த ஆல்பர்ட் காஃப்மன் என்பவர் 1946இல் மனைவியின் தையல் மெஷின் ஊசியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வாள் பிளேடை மாட்டிப் பார்த்தாராம், அதற்குப் பிறகு வந்ததுதான் இதெல்லாம். (அந்தக் கம்பனி பின்னால் போஷ் கைக்குப் போனது.) தையல் தெரிந்தவர்களுக்கு இதைச் சொன்னால் சட்டென்று பிடிபடும். ஊசி ஓடும்போது துணியை இழுத்தால் ஊசி வளையும், இன்னும் இழுத்தால் முறியும், துணிக்கு வழி மட்டும் காட்ட வேண்டும். எனக்கு இதைச் சொன்னதே பெரியம்மாதான், அந்தப் பத்திரிகைத் துண்டை மடித்துக்கொண்டே.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பிளேடு. மெஷினோடு பெட்டியில் வருகிற ஒற்றைப் பிளேடை வைத்துக்கொண்டு மெஷினைத் திட்டுகிறவர்கள்தான் அதிகம். மரத்துக்கு இரண்டு வகை இருந்தால் போதும். டி 101 பி (T 101 B) என்று போட்டிருப்பது பற்கள் நெருக்கமானது, பல்லுக்குப் பல் 2.5 மி.மீ., 30 மி.மீ. கனம் வரை சுத்தமாக வெட்டும். பிளைவுட்டுக்கும் சீவிய பலகைக்கும் இதுதான். டி 144 டி (T 144 D) என்பது பற்கள் அகலமானது, 4 மி.மீ. இடைவெளி, கனமான பலகையைச் சடசடவென்று வெட்டும், ஆனால் விளிம்பு முரடாக இருக்கும். அதிலேயே கடைசியில் ‘பி’ சேர்த்து டி 144 டிபி (T 144 DP) என்று ஒன்று உண்டு. அதன் உடம்பு தடிப்பானது, வளைவது குறைவு, கனமான பலகையில் செங்குத்தாக இறங்க வேண்டுமானால் அதைத் தேடிப் பிடியுங்கள். வளைவு வெட்டுவதற்கென்று செய்த ஒல்லிப் பிளேடால் நேர்கோடு வெட்ட முயற்சி செய்யவே வேண்டாம், வளைவதற்காகவே செய்தது அது. கடைக்குப் போகும்போது பழைய பிளேடு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். மேல் நுனி ஆங்கில டி (T) எழுத்து மாதிரி இருக்கிறதா, யூ (U) மாதிரி பிளவுபட்டிருக்கிறதா என்று பார்த்து அதே மாதிரி வாங்காவிட்டால் மெஷினில் ஏறாது, திரும்பவும் பஸ் ஏறித்தான் போக வேண்டும்.

நீளத்தையும் பாருங்கள். பிளேடு மேலே ஏறி நிற்கிற நேரத்திலும் அதன் நுனி பலகைக்குக் கீழே கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். சாதாரண மெஷினில் பிளேடு ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஏறி இறங்கும், அதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். நுனி பலகைக்குள்ளேயே நின்றுவிட்டால் ஒவ்வொரு இறக்கத்திலும் மரத்தில் முட்டி, பிளேடு வளையும் அல்லது மெஷின் துள்ளும். அதற்காகத் தேவைக்கு மேல் நீளமானதும் வேண்டாம், நீளம் கூடக்கூட ஆட்டமும் கூடும். மழுங்கிய பிளேடை மிச்சம் பிடிக்காதீர்கள். வெட்டு கறுக்கிறது, புகை மணம் வருகிறது, தள்ளினால்தான் போகிறது என்றால் அதன் காலம் முடிந்தது.

மெஷினின் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். பிளேடு மேலும் கீழும் ஓடுவதோடு முன்னும் பின்னும் ஆடுவதற்கானது அது. 3இல் வைத்தால் வேகமாக வெட்டும், ஆனால் விளிம்பு பிய்ந்து வரும், கோடும் அலையும். சரியான வெட்டு வேண்டுமென்றால் 0. கனமான பலகையில் ரொம்பப் பொறுமை போகிறது என்றால் 1, அதற்கு மேல் விறகு வெட்டத்தான்.

அடுத்தது அடித்தட்டு, மெஷினுக்குக் கீழே பலகையில் பதிந்து ஓடுகிற தகடு. அதைச் சாய்த்து வைக்கலாம் என்பதாலேயே அது எப்போதும் கொஞ்சம் சாய்ந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் அடித்திருக்கிற பாகைக் கோடுகளை நான் நம்புவதில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு, மெஷினைத் தலைகீழாகப் பிடித்து, மூலைமட்டத்தை (ட்ரை ஸ்கொயர்) தட்டின் மேல் வைத்துப் பிளேடின் பக்கத்தோடு ஒட்டிப் பாருங்கள், மட்டம் பல்லைத் தொடாமல் பிளேடின் உடம்பைத் தொட வேண்டும். பிறகு கழிவுத் துண்டு ஒன்றைக் குறுக்கே வெட்டி, இரண்டு பாதிகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றை மட்டும் புரட்டிப் போட்டு, வெட்டிய முகங்களை ஒட்டிப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் தட்டு சாய்ந்திருக்கிறது. ஒன்றைப் புரட்டியதால் பிழை இரட்டிப்பாகத் தெரியும், அரைப் பாகைகூட ஒளிய முடியாது. 

பிளேடுக்குப் பின்னால் ஒரு சின்ன உருளை இருக்கும். அது பிளேடின் முதுகை லேசாகத் தொட்டு நிற்க வேண்டும். மரத்தூளும் பிசினும் அங்கேதான் போய் அடையும், பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

இப்போது கைடு, அதாவது மெஷின் உரசிக்கொண்டு போவதற்குப் பலகையில் இறுக்குகிற நேர் சட்டம். எவ்வளவு நிதானமான கையாக இருந்தாலும் இரண்டு அடிக்கு மேல் வெறும் கையால் நேராகப் போகாது. நான் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கைடு இல்லாமல் வெட்டுவதில்லை, வெட்டுகிறேன் என்று சொல்கிறவர்களின் பலகைகளைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். கைடுக்கு நல்லது அலுமினியப் பெட்டிக் கம்பி. ஜன்னல், கதவு அடிக்கிற அலுமினியக் கடைகளில் கழிவுத் துண்டு கிடக்கும், நான்கு அடித் துண்டு ஒன்று கேளுங்கள், அநேகமாகச் சும்மாவே தருவார்கள். இல்லாவிட்டால் பிளைவுட்டில் கம்பனி வெட்டிய விளிம்புள்ள ஒரு பட்டையை எடுங்கள். மரச் சட்டம் என்றால் முதலில் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடித்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள், நம்ம பக்கத்து ஈரத்தில் போன மாதம் நேராக இருந்த சட்டம் இந்த மாதம் வில்லாக நிற்கும்.

கைடு எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். அடித்தட்டின் ஓரம் கைடை உரசிக்கொண்டு போகும், பிளேடு அதிலிருந்து கொஞ்சம் தள்ளி வெட்டும். அந்தத் தள்ளலை டேப்பை வைத்துப் பிளேடிலிருந்து அளந்தால் ஒரு மில்லி முன்னே பின்னே வரும், பல்லின் எந்த ஓரத்தை அளப்பது என்பதே சந்தேகம். அளக்காமல் மெஷினையே வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு கழிவுப் பலகையில் கைடை கிளாம்ப் போட்டு இறுக்கி, கைடின் ஓரத்தை ஒட்டிக் கூர்மையான பென்சிலால் ஒரு கோடு கிழித்துவிட்டு, மெஷினை உரசவிட்டு ஒரு வெட்டு வெட்டுங்கள். கோட்டுக்கும் வெட்டுப் பிளவின் கிட்டத்து ஓரத்துக்கும் உள்ள தூரம்தான் உங்கள் மெஷினின் அளவு. அதே அகலத்தில் ஒரு சின்ன மரத்துண்டு சீவி வைத்துக்கொண்டால், அடுத்த தடவை கோட்டிலிருந்து கைடு வரை அந்தத் துண்டை இரண்டு முனையிலும் வைத்து நிறுத்தினால் போதும், டேப்பே வேண்டாம். நான் அதில் பிளேடின் பெயரையும் தட்டின் எந்தப் பக்கம் என்பதையும் எழுதி ஓட்டை போட்டு மெஷின் வயரில் கட்டியிருக்கிறேன். பிளேடை மாற்றினால் தடிப்பு மாறும், அளவும் மாறும். தட்டின் இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே தூரம் என்று நினைக்காதீர்கள், ஒரே பக்கத்தை மட்டும் எப்போதும் பாவியுங்கள்.

இதைவிடச் சுகமான வழி ஒன்று இருக்கிறது. ஒரு மெல்லிய ஹார்ட்போர்ட் பட்டையை அரை அடி அகலத்தில் எடுத்து, அதன் மேல் அந்த நேர் பட்டையைப் பசை போட்டு ஒட்டிவிடுங்கள். காய்ந்ததும் மெஷினைப் பட்டையோடு உரசவிட்டு ஹார்ட்போர்ட்டையே நீளத்துக்கு வெட்டுங்கள். இப்போது ஹார்ட்போர்ட்டின் விளிம்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிளேடு போகும். பலகையில் கிழித்த கோட்டின் மேல் அந்த விளிம்பை வைத்து இறுக்கினால் கணக்கே தேவையில்லை, விளிம்பு மேல்முகத்தை அமுக்கிக்கொண்டிருப்பதால் பிசிறும் குறைவு. நீண்ட வேலைக்கு நான் இதைத்தான் பாவிக்கிறேன்.

கைடை எப்போதும் நமக்கு வேண்டிய துண்டின் மேல் இறுக்குங்கள். அப்படியென்றால் கை தப்பி மெஷின் கைடை விட்டு விலகினாலும் கழிவுப் பக்கம்தான் போகும். வெட்டும்போது மெஷின் தானாகவே கைடை விட்டு இழுத்துக்கொண்டு போகிறது, அல்லது கைடின் மேல் ஏறப் பார்க்கிறது என்றால் பிளேடு தட்டின் ஓரத்துக்கு நேராக நிற்கவில்லை என்று அர்த்தம். பிளேடைக் கழற்றித் திரும்பப் போடுங்கள், தீராவிட்டால் வேறு பிளேடு. பெட்டியோடு வருகிற டி வடிவக் கம்பி கைடு சின்னப் பட்டை கிழிக்க மட்டும்தான் உதவும், திருகை எவ்வளவு இறுக்கினாலும் ஆடிக்கொண்டிருக்கும்.

எந்த முகம் மேலே? ஜிக்ஸோவின் பற்கள் மேல்நோக்கி வெட்டும், அதனால் மேல்முகம்தான் பிய்யும். அழகான முகத்தைக் கீழே போட்டு, பின்பக்கத்தில் கோடு கிழித்து வெட்டுங்கள். இரண்டு முகமும் தெரிகிற வேலையென்றால் கோட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி, டேப்பின் மேலேயே கோடு கிழியுங்கள். பிளைவுட்டை நாருக்குக் குறுக்கே வெட்டும்போது இன்னும் ஒரு படி மேலே போய், கூரான கத்தியால் கோட்டில் ஒரு கீறு கீறிவிடுவேன். பற்கள் தலைகீழாக உள்ள பிளேடும் கிடைக்கும், மேல்முகம் கண்ணாடி மாதிரி வரும், ஆனால் மெஷினை மேலே தூக்கிக்கொண்டே இருக்கும், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு வேண்டாம்.

பலகையை இரண்டு வாங்குக்கு நடுவில் போட்டு நடுவில் வெட்டினால் முடிகிற நேரத்தில் இரண்டு பாதியும் உள்ளே மடிந்து பிளேடைக் கவ்வும். வெட்டின் இரண்டு பக்கமும் தாங்கல் இருக்க வேண்டும், அதாவது நான்கு இடத்தில். வெட்டுக்கு அடியில் பிளேடு இறங்க இடம் இருக்கிறதா என்றும் குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள், நான் ஒரு வாங்கையே கால்வாசி அறுத்த ஆள்.

வெட்டு. தட்டின் முன்பக்கத்தைப் பலகையில் பதித்து, பல் மரத்தைத் தொடாமல் வைத்து, சுவிட்சைப் போட்டு வேகம் பிடித்த பிறகு முன்னே விடுங்கள். எங்கள் டிவிஷனுக்குக் கதவு நிலை போட வருகிற பாஸ் (தச்சர்) ஒருநாள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார், “தம்பி, முன்னுக்குத் தள்ளாத, கீழுக்கு அமத்து. முன்னுக்குப் போறது அதோட வேல.” இதற்கு மேல் எனக்கும் சொல்லத் தெரியாது. கையின் பாரம் முழுவதும் கீழ்நோக்கி, தட்டு பலகையோடு ஒட்டியே இருக்க வேண்டும். முன்னே போக விரல் பாரம் போதும். மெஷினின் சத்தத்தைக் கேளுங்கள், சத்தம் கனத்து இறங்கினால் நீங்கள் தள்ளுகிறீர்கள். கைடை உரசப் பக்கவாட்டில் ஒரு துளி பாரம் வேண்டும், அதற்கு மேல் கொடுத்தால் அடியில் பிளேடு எதிர்ப்பக்கம் வளையும், மறுபடி பத்திரிகைத் துண்டுதான். கடைசி இரண்டு அங்குலத்தில் இன்னும் மெதுவாகுங்கள். முடிந்ததும் சுவிட்சை விட்டு, பிளேடு நின்ற பிறகு மெஷினைத் தூக்குங்கள். நிற்கும் முன்னே தூக்கினால் பிளேடு நுனி பலகையில் குத்தித் துள்ளும், பலகையில் ஒரு தழும்பு, நெஞ்சில் ஒரு திடுக்.

நடுவில் கோடு விலகிவிட்டால் திருகி இழுக்காதீர்கள். நிறுத்தி, பின்னுக்கு எடுத்து, நல்ல இடத்திலிருந்து புதிதாக வெட்டிக்கொண்டு வாருங்கள். உண்மையில் ஜிக்ஸோவில் கோட்டின் மேலேயே வெட்ட வேண்டுமென்ற பிடிவாதமே தேவையில்லை. மூட்டுச் சேருகிற விளிம்பென்றால் ஒரு மில்லி வெளியே விட்டு வெட்டி, சீவுளியால் இரண்டு இழுப்பு இழுத்துக் கோட்டுக்குக் கொண்டுவருவேன்.

மரத்துக்கு மரம் கதை மாறும். அல்பீசியா பஞ்சு மாதிரி, பிளேடு ஓடுவது தெரியாது, ஆனால் நார் நாராகப் பிசிறு நிற்கும், புதிய பிளேடும் 0 ஆட்டமும் இருந்தால்தான் விளிம்பு உருப்படும். சவுக்கு (இங்கே கிரவிலியாவை அப்படித்தான் சொல்வோம்) நன்றாக வெட்டப்படும். டர்பன்டைன்தான் விளையாட்டுக் காட்டும். மரத்துக்குள்ளேயே இறுக்கம் இருக்கிறது, நீளவாக்கில் கிழித்துக்கொண்டு போகும்போதே பின்னால் பிளவு மூடிக்கொண்டு பிளேடைப் பிடிக்கும். ஒரு அடி போனதும் மெஷினை நிறுத்திவிட்டுப் பிளவில் சின்ன மர ஆப்பு ஒன்றைச் சொருகிவிட்டுத் தொடருங்கள். பைனஸில் பிசின் பல்லில் ஒட்டிச் சூடேறும், அவ்வப்போது பிளேடைக் கழற்றி மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். கழற்றும்போது வெறும் விரலால் தொட வேண்டாம், தேநீர்க் கேத்தல் சூடு இருக்கும். ஈரப்பலகை எதுவானாலும் இன்றைக்கு வெட்டிய அளவு அடுத்த மாதம் இருக்காது. மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை நம்ம மேற்குப் பக்கத்து மழையில், மரக்காலையிலிருந்து வந்த பலகையை நேரே வெட்டாமல், அடுப்படிக்கு மேலே பரணில் நடுவில் குச்சி வைத்து அடுக்கி, சில வாரமாவது விடுகிறேன்.

கரண்ட் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் லயத்தில் சாயந்தரம் ஆறரை ஏழுக்கு எல்லா வீட்டிலும் லைட்டும் டிவியும் போட்டதும் மெஷினின் குரல் மாறிவிடும், வேகம் இறங்கும். அந்த நேரத்தில் தள்ளினால் பிளேடு அலையும், மோட்டாரும் சூடாகும். பகலில் வெட்டுங்கள். மெல்லிய வயரில் நீளமான எக்ஸ்டென்ஷன் போட்டாலும் அதே கதி. வயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள், முன்னால் கிடந்தால் ஒருநாள் அதையும் வெட்டுவீர்கள். பனி இறங்கி ஈரமான வாசலில் செருப்பில்லாமல் நின்று வேலை செய்ய வேண்டாம், ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் டெஸ்ட் பட்டனை அமத்திப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க். பிளேடு மாற்றும்போது பிளக் வெளியே. இடது கை பலகைக்கு அடியில் போகவே கூடாது, பிளேடு அங்கேதான் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிறது.

எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட்டை எட்டு அடிக்கும் கிழிக்க வேண்டும், அல்லது இரண்டு அங்குல மரத்தில் கதவு நிலை வெட்ட வேண்டும் என்றால் ஜிக்ஸோவை உள்ளே வையுங்கள். மரக்காலையிலேயே காசு கொடுத்து வட்ட வாளில் கிழித்து வாங்குவது மலிவு, ஷீட்டை பஸ்ஸில் ஏற்றுவதும் அப்போதுதான் நடக்கும். குறுக்கு வெட்டு, அலமாரித் தட்டு, சிங்க் துவாரம், மூலை எடுப்பு, இவைதான் நம்ம மெஷினுக்கு.

பிளேடுகள் இங்கே துருப்பிடிக்கிற வேகத்தைச் சொல்லத் தேவையில்லை. மெஷினில் மாட்டியபடியே இரண்டு வாரம் விட்டால் பல்லில் செம்மண் நிறம் ஏறிவிடும், துரு ஏறிய பல் நேராகப் போகாது. நான் காலியான பால்மா டின்னில், ஒரு பிடி வறுத்த அரிசியைத் துணியில் முடிச்சுப் போட்டு அடியில் வைத்து, பிளேடுகளில் பெரியம்மாவின் தையல் மெஷின் எண்ணெயை ஒரு சொட்டுத் தடவிப் போட்டு மூடி வைக்கிறேன். எண்ணெய் குறைவதைப் பெரியம்மா இன்னும் கவனிக்கவில்லை.